நடுராத்திரியில் நின்றுபோன புள்ளி: டிராக்கர் சாஃப்ட்வேரை முடக்கும் ஓட்டை என்ன, அப்டேட் ஏன் முக்கியம்?

ராத்திரி 2 மணி. நாமக்கல்லில் ஒரு டிரான்ஸ்போர்ட் ஆபீஸ். கம்ப்யூட்டர் திரையில் இருபது பச்சைப் புள்ளிகள் நகர்ந்துகொண்டிருக்கின்றன. முட்டை லோடு ஏற்றிக்கொண்டு பெங்களூரு கிளம்பிய வண்டியின் புள்ளி மட்டும் தொப்பூர் கணவாய்ப் பக்கம் நாற்பது நிமிடமாக அசையவே இல்லை.

தொப்பூர் என்றாலே லாரிக்காரர்களுக்கு அடிவயிறு கலங்கும். இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போன வண்டிகளின் கதைகள் அத்தனை உண்டு. ஆபீஸில் இருக்கும் இளைஞர் பதறியடித்துப் போன் போடுகிறார்.

"அண்ணா, எங்க நிக்கறீங்க? வண்டிக்கு ஒண்ணும் ஆகலையே?"

"நான் எங்க தம்பி நிக்கறேன்? தருமபுரியே தாண்டியாச்சு. ஓட்டிட்டுத்தான இருக்கறேன்!"

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் டிராக்கர் மாட்டிய வண்டி வைத்திருக்கும் யாருக்கும் இது புதுசாகத் தெரியாது. வண்டி ஓடுகிறது, புள்ளி நிற்கிறது. சிக்னல் இல்லாததால் நிற்கலாம், ஒயர் கழன்றதால் நிற்கலாம். இன்னொரு காரணமும் உண்டு: இடத்தைப் படித்துச் சொல்ல வேண்டிய சாஃப்ட்வேரே படுத்துவிட்டிருக்கலாம். அப்படிப் படுக்க வைக்கக்கூடிய ஓட்டைகளைத்தான் சைபர் பாதுகாப்பு மொழியில் 'டினயல் ஆஃப் சர்வீஸ்', அதாவது சேவை முடக்க ஓட்டை என்கிறார்கள்.

இந்த வகை ஓட்டை எப்படி வேலை செய்கிறது, உலகம் முழுக்கப் பயன்படும் ஒரு ஜிபிஎஸ் சாஃப்ட்வேரில் அது எப்படி வந்து எப்படிச் சரிசெய்யப்பட்டது, சேலம், நாமக்கல் வண்டிக்காரர்கள் இதிலிருந்து என்ன தெரிந்துகொள்ள வேண்டும்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சேவை முடக்கம் என்றால் என்ன?

'ஹேக்கிங்' என்றதும் பாஸ்வேர்டு திருட்டு, பேங்க் பணம் திருட்டு என்றுதான் பலருக்கும் தோன்றும். சேவை முடக்கத்தில் எதையும் திருட வேண்டிய அவசியமில்லை. ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சேவையை நிறுத்தினாலே போதும்.

கடைக்குள் புகுந்து கல்லாவைத் தூக்குவது ஒரு ரகம். கடை ஷட்டரையே திறக்க முடியாமல் செய்வது இன்னொரு ரகம். இரண்டாவதில் பணம் போகாது. ஆனால் அன்றைய வியாபாரம் போய்விடும்.

இடம் காட்டும் சேவையை மூன்று வழிகளில் முடக்கலாம்.

முதலாவது, சிக்னலையே மறைப்பது. ஜாமர் என்ற கருவி ஜிபிஎஸ் அலைவரிசையில் இரைச்சலை உண்டாக்கும். 20,000 கிலோமீட்டருக்கு மேல் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோளிலிருந்து வரும் சிக்னல் மிகவும் பலவீனமானது. அதனால் பக்கத்திலிருந்து போடும் சின்ன இரைச்சலே அதை அமுக்கிவிடும். இந்தியாவில் குறிப்பிட்ட அனுமதி இல்லாமல் ஜாமர், ஜிபிஎஸ் பிளாக்கர் போன்றவற்றைப் பயன்படுத்துவது சட்டவிரோதம். தொலைத்தொடர்புத் துறை 2022-ல் இதை மீண்டும் நினைவூட்டியது.

இரண்டாவது, சர்வரைத் திணறடிப்பது. ஒரே நேரத்தில் லட்சக்கணக்கான போலிக் கோரிக்கைகளை அனுப்பினால், உண்மையான வண்டியின் தகவல் உள்ளே நுழையவே முடியாது.

மூன்றாவதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம். லட்சம் கோரிக்கை எல்லாம் வேண்டாம். தப்பாக எழுதப்பட்ட ஒரே ஒரு வரி போதும். அதைப் படிக்கப் போன சாஃப்ட்வேர் அப்படியே நின்றுவிடும்.

ஒரே வரியில் எப்படி நிற்கும்?

இதைப் புரிந்துகொள்ள ஜிபிஎஸ் ரிசீவர் என்ன மொழியில் பேசுகிறது என்று தெரிய வேண்டும்.

செயற்கைக்கோள் சிக்னலை வாங்கி, கணக்குப் போட்டு, தான் எங்கே இருக்கிறோம் என்று ரிசீவர் கண்டுபிடிக்கும். அதை அடுத்த சாஃப்ட்வேருக்கு வரி வரியாக எழுத்தில் அனுப்பும். இந்த வரிகளின் அமைப்பை வகுத்தது அமெரிக்காவின் தேசியக் கடல்சார் மின்னணுச் சங்கம். கப்பல் கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதற்காக 1980-களில் வந்த இந்த அமைப்புக்கு 'என்எம்இஏ 0183' என்று பெயர். கப்பலுக்குப் போட்ட மொழி இன்று லாரி, பஸ், ட்ரோன் என்று எல்லா இடத்திலும் ஓடுகிறது.

இதில் முக்கியமான வரி 'ஜிபிஜிஜிஏ'. டாலர் குறியில் தொடங்கும். பெயருக்குப் பிறகு, கமா போட்டுப் பிரித்த 14 கட்டங்கள் வரும். நேரம், அட்சரேகை, வடக்கா தெற்கா, தீர்க்கரேகை, கிழக்கா மேற்கா, சிக்னலின் தரம், எத்தனை செயற்கைக்கோள், கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று வரிசையாக இருக்கும். கடைசியில் ஒரு சரிபார்ப்பு எண், பிறகு வரி முடிந்தது என்பதற்கான குறி.

நாமக்கல்லில் காலை 6 மணிக்கு ஒரு வண்டி நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வரியின் நேரக் கட்டத்தில் 003000 என்று வரும். ஏனென்றால் அது உலகப் பொது நேரம். நம் கடிகாரத்தைவிட ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கும். அட்சரேகைக் கட்டத்தில் 1113.2 என்று வரும். 11 டிகிரி, 13.2 நிமிடம் என்று அர்த்தம். தீர்க்கரேகை 07810.2. அதாவது 78 டிகிரி, 10.2 நிமிடம். இதை வாங்கிப் பிரித்து மேப்பில் புள்ளி வைப்பதுதான் சாஃப்ட்வேரின் வேலை.

இப்போது புக்கிங் ஆபீஸில் லோடு சீட்டு பதியும் ஒரு குமாஸ்தாவை நினைத்துக்கொள்ளுங்கள். சீட்டில் எப்போதும் 14 கட்டம் இருக்கும். ஒருநாள் பாதியில் கிழிந்த சீட்டு ஒன்று வருகிறது. நிதானமான குமாஸ்தா, "இது முழுசா இல்லையே" என்று ஓரமாக வைத்துவிட்டு அடுத்த சீட்டை எடுப்பார். 14 கட்டம் இருந்தே தீரும் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறவர் என்ன செய்வார்? சீட்டு முடிந்தும் நிறுத்தாமல், பக்கத்தில் மேஜை மேல் இருப்பதையெல்லாம் சீட்டின் பகுதி என்று நினைத்துப் படிப்பார்.

கம்ப்யூட்டரில் மேஜை என்பது மெமரி. ஒரு புரோகிராம் தனக்கு ஒதுக்காத மெமரியைத் தொட்டால் ஆபரேட்டிங் சிஸ்டம் விடாது. அந்தப் புரோகிராமை அங்கேயே நிறுத்திவிடும். 'கிராஷ்' என்பது பெரும்பாலும் இதுதான்.

2013-ல் நடந்தது என்ன?

ஜிபிஎஸ்டி என்பது ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம். ரிசீவரிலிருந்து வரும் வரிகளைப் படித்து, மேப், கடிகாரம், ரேடார் என்று எந்தப் புரோகிராம் கேட்டாலும் இடத்தையும் நேரத்தையும் எடுத்துக் கொடுக்கும் நடுவர் இது. 1990-களில் தொடங்கிய இந்தத் திட்டத்தை, ஓப்பன் சோர்ஸ் உலகில் பிரபலமான எரிக் எஸ். ரேமண்ட் பின்னாளில் பல ஆண்டுகள் வழிநடத்தினார். சி மொழியில் எழுதப்பட்டது. மெமரியில் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை, எழுதுகிறவரே கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டிய மொழி அது.

ஜிபிஎஸ்டி 3.9-க்கு முந்தைய பதிப்புகளில், மேலே சொன்ன அதே குமாஸ்தா பிரச்சினை இருந்தது. சில கட்டங்களும் முடிவுக் குறியும் இல்லாத, சிதைந்த ஜிபிஜிஜிஏ வரி ஒன்று வந்தால் சாஃப்ட்வேர் நின்றுவிடும். இதற்கு சிவிஇ-2013-2038 என்று எண் கொடுக்கப்பட்டது. சிவிஇ என்பது ஓட்டைகளுக்கான உலகப் பொதுப் பதிவெண். வண்டிக்கு நம்பர் பிளேட் மாதிரி. எந்த நாட்டில், எந்தக் கம்பெனியில் பேசினாலும் அந்த எண்ணைச் சொன்னால் எந்த ஓட்டை என்று புரியும்.

சேவையை நிறுத்துவது மட்டுமல்ல, தாக்குகிறவர் தனக்கு வேண்டிய கட்டளைகளையும் ஓடவைக்க வாய்ப்பு இருக்கலாம் என்றும் அந்தப் பதிவு எச்சரித்தது.

2013 மே மாதம் உபுண்டு லினக்ஸ் தன் பயனாளர்களுக்குப் பாதுகாப்பு அப்டேட் வெளியிட்டது. அதோடு வந்த குறிப்பில் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் உண்டு. உபுண்டுவில் புரோகிராம்களைத் தயாரிக்கும்போதே சில தற்காப்பு அமைப்புகள் சேர்க்கப்படுகின்றன. அதனால் இந்த ஓட்டையின் பாதிப்பு சேவை முடக்கத்தோடு நின்றுவிடும், கட்டளை ஓடவைக்கும் அளவுக்குப் போகாது என்பதே அதன் சாரம்.

கிராஷ் ஆனது கெட்ட செய்திதான். ஆனால் இந்த இடத்தில் கிராஷ் ஒரு தற்காப்பும்கூட. பிரேக் டிரம் சூடாகி வண்டி நின்றுவிட்டால் லோடு லேட் ஆகும். ஆனால் வண்டி வேறொருவர் கைக்குப் போகவில்லையே!

சரிசெய்த விதம் என்ன? புதிய அம்சம் எதுவும் சேர்க்கவில்லை. கைக்கு வந்த வரி முழுசாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அதன் பிறகு படிக்கும்படி மாற்றினார்கள். இப்படியான மாற்றம் கோடில் சில வரிகள்தான். ஆனால் அது உங்கள் கம்ப்யூட்டருக்கு வந்து சேர அப்டேட் போட்டாக வேண்டும்.

இதை யார் செய்ய முடியும்?

வானத்திலிருந்து வரும் ஜிபிஎஸ் சிக்னல் வேறு, ரிசீவர் எழுதும் வரி வேறு. செயற்கைக்கோள் சிக்னலைப் போலியாக அனுப்புகிறவர்கூட நேரடியாக இந்த வரியை எழுத முடியாது. ஏனென்றால் வரியை எழுதுவது ரிசீவர். எனவே தாக்குகிறவர், ரிசீவருக்கும் சாஃப்ட்வேருக்கும் நடுவில் நுழைய வேண்டும். இரண்டும் ஒரே பெட்டிக்குள் ஒயரில் இணைந்திருந்தால் இது கஷ்டம். ஆனால் இடத் தகவல் நெட்வொர்க் வழியாக வேறொரு கம்ப்யூட்டருக்குப் போய், அங்கே படிக்கப்படுகிறது என்றால் கதவு திறந்திருக்கிறது என்று அர்த்தம்.

இந்த மாதிரி பிழைகளுக்கு எப்போதும் ஒரு வில்லன் தேவைப்படுவதும் இல்லை. லூஸ் ஆன ஒயர், ஸ்டார்ட் செய்யும்போது பேட்டரியில் விழும் மின்னழுத்தம், பாதியில் அறுந்த டேட்டா இணைப்பு ஆகியவையும் தகவலைச் சிதைக்கலாம். சிதைந்ததைச் சமாளிக்கத் தெரியாத சாஃப்ட்வேருக்கு ஹேக்கரும் லூஸ் ஒயரும் ஒன்றுதான்.

அப்டேட்டே பிழையைக் கொண்டுவந்தால்?

"அப்டேட் போட்டா வண்டி பிரச்சினை ஆயிடும், ஓடறதை ஏன் தொடணும்?" என்று கேட்பவர்கள் உண்டு. அது வெறும் சோம்பேறித்தனமான கேள்வி அல்ல. அதற்கும் ஜிபிஎஸ்டியின் சரித்திரத்திலேயே உதாரணம் இருக்கிறது.

ஜிபிஎஸ் அமைப்பு தேதியை நம்மைப் போல நாள், மாதம், வருடம் என்று வைத்துக்கொள்வதில்லை. 1980 ஜனவரி 6-லிருந்து எத்தனையாவது வாரம் என்று எண்ணுகிறது. பழைய சிக்னல் அமைப்பில் அந்த எண்ணுக்கு ஒதுக்கிய இடம் சின்னது. 1,023 வரை போய்விட்டு மறுபடி பூஜ்யத்துக்கு வந்துவிடும். பழைய லாரியின் கிலோமீட்டர் மீட்டர் 99,999-க்குப் பிறகு 00,000 ஆவது போல. 1999 ஆகஸ்ட்டிலும் 2019 ஏப்ரலிலும் இப்படி மீட்டர் சுற்றியது. இப்போது எத்தனையாவது சுற்று என்பதைச் சாஃப்ட்வேர்தான் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும்.

ஜிபிஎஸ்டியின் 3.20 முதல் 3.22 வரையிலான பதிப்புகளில் இந்தக் கணக்கில் ஒரு தப்பு இருந்தது. 2021 அக்டோபர் 24 வந்ததும் தேதியிலிருந்து 1,024 வாரங்களைக் கழித்து, 2002 மார்ச் மாதத்துக்குப் போய்விடும். கிட்டத்தட்ட 20 வருடம் பின்னால்! இடத்தை விட்டுவிடுங்கள். ஜிபிஎஸ் நேரத்தை நம்பி ஓடும் சர்வர்கள் இருக்கின்றன. அவற்றில் தேதி தப்பானால் லாகின் முதல் பாதுகாப்புச் சான்றிதழ் வரை எல்லாம் குழம்பும். அமெரிக்காவின் சைபர் பாதுகாப்பு அமைப்பான சிசா, தேதிக்குச் சில நாட்கள் முன்பு பொது எச்சரிக்கையே விட்டது. திருத்திய 3.23 பதிப்பு அதற்கு முன்பே, ஆகஸ்ட்டில் வெளியாகியிருந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்தப் பிழை வந்ததே ஒரு புதிய பதிப்பில்தான். அதற்கு முந்தைய 3.19-ஐ வைத்திருந்தவர்களுக்கு இது இல்லை. அப்போ அப்டேட் போடாதவர்கள்தான் புத்திசாலியா? இல்லை. பழசிலேயே நின்றவர்களுக்கு வேறு பழைய ஓட்டைகள் அப்படியே இருந்தன. தொடர்ந்து அப்டேட் போட்டவர்கள் 3.23-க்கு வந்து தப்பித்தார்கள். மாட்டிக்கொள்ளும் நிலையில் இருந்தவர்கள், ஒருமுறை போட்டுவிட்டு அதோடு மறந்தவர்கள்.

ஆயில் மாற்றுவது மாதிரிதான். வண்டி வாங்கின அன்றைக்கு நல்ல ஆயில் ஊற்றினோம் என்பதற்காக யாரும் அஞ்சு வருடம் அதிலேயே ஓட்டுவதில்லை.

இதற்கும் நாமக்கல்லுக்கும் என்ன சம்பந்தம்?

1997-ல் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான நாமக்கல்லை, முட்டைக்கு அடுத்தபடியாக ஊர் உலகம் அறிந்தது லாரியால்தான். பாடி கட்டும் பட்டறைகள், தென்னிந்தியா முழுக்க கேஸ் கொண்டுபோகும் எல்பிஜி டேங்கர்கள், சங்ககிரி லாரிகள், வட மாநிலங்கள் வரை போய் போர் போடும் திருச்செங்கோடு ரிக் வண்டிகள் என்று இந்தச் சமவெளியின் பொருளாதாரம் சக்கரத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. வண்டி எங்கே இருக்கிறது என்பது இங்கே பல குடும்பங்களுக்குத் தினமும் கேட்கும் கேள்வி.

சட்டமும் டிராக்கரைக் கேட்கிறது. மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2016 நவம்பரில் மோட்டார் வாகன விதிகளில் 125எச் என்ற விதியைச் சேர்த்தது. பயணிகள் வாகனங்களில் இடம் காட்டும் கருவியும் ஆபத்து நேரத்தில் அழுத்தும் பட்டனும் இருக்க வேண்டும் என்றது அது. சில தள்ளிவைப்புகளுக்குப் பிறகு, 2019 ஜனவரி 1 முதல் பதிவாகும் பொதுப் பயன்பாட்டு வாகனங்களுக்கு நடைமுறைக்கு வந்தது. ஆட்டோ, இ-ரிக்‌ஷா போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில் ஆக்சிஜனுக்கு நாடே தவித்தபோது, ஆக்சிஜன் டேங்கர்களுக்கும் டிராக்கர் கட்டாயமாக்கப்பட்டது. எந்த டேங்கர் எங்கே நிற்கிறது என்பது அப்போது உயிர்ப் பிரச்சினை.

இந்தக் கருவிகளுக்கான தரத்தின் பெயர் ஏஐஎஸ் 140. எஃப்சி காட்டப் போனவர்களுக்குக் கேள்விப்பட்ட பெயராக இருக்கும். அந்தத் தரத்தில் நம் விஷயத்துக்கு முக்கியமானவை இரண்டு.

ஒன்று, மொபைல் நெட்வொர்க் கிடைக்காத இடத்தில் கருவி தன் இடத்தைச் சேமித்து வைத்து, நெட்வொர்க் வந்ததும் அனுப்ப வேண்டும். இரண்டு, கருவியைக் கழற்றாமலேயே, காற்று வழியாக அதன் சாஃப்ட்வேரை அப்டேட் செய்ய முடிய வேண்டும். அதாவது, ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அடைக்க வழி இருக்க வேண்டும் என்று தரமே எதிர்பார்க்கிறது. ஆனால் வழி இருப்பது வேறு, கம்பெனி அப்டேட் அனுப்புவது வேறு.

லாரி டிராக்கர் பெட்டிகளில் பெரும்பாலும் அந்தந்த தயாரிப்பாளர் எழுதிய சாஃப்ட்வேர்தான் ஓடும். எனவே 2013-ல் ஜிபிஎஸ்டியில் இருந்த ஓட்டை அப்படியே உங்கள் வண்டியில் இருக்கிறது என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஆனால் அந்தச் சாஃப்ட்வேரும் அதே மாதிரி வரிகளைத்தான் வாங்கிப் பிரிக்கிறது. உலகம் முழுக்கப் பல பேர் திறந்து பார்த்துத் திருத்தும் ஒரு திட்டத்திலேயே குமாஸ்தா தப்பு வந்தது என்றால், யாரும் திறந்து பார்க்காத பெட்டியில் வராது என்று எப்படிச் சொல்ல முடியும்?

அப்டேட்டே வராத டிராக்கர்

அதற்கு மோசமான உதாரணம் 2022-ல் வந்தது. மைகோடஸ் என்ற சீனக் கம்பெனியின் எம்வி720 டிராக்கர், சுமார் 20 டாலருக்கு விற்கப்பட்டது. அதில் ஆறு ஓட்டைகள் இருப்பதாக பிட்சைட் என்ற பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் கண்டுபிடித்தது. ஜூலை 19 அன்று சிசாவும் எச்சரிக்கை வெளியிட்டது. அந்தக் கம்பெனியின் டிராக்கர்கள் 169 நாடுகளில் சுமார் 15 லட்சம் வண்டிகளில் ஓடுவதாக பிட்சைட் சொன்னது.

இந்தக் கருவி இடம் மட்டும் காட்டுவதில்லை. எரிபொருளைத் துண்டிக்கவும் கட்டளை கொடுக்கலாம். வண்டி திருடு போனால் நிறுத்துவதற்காக வைத்த வசதி அது. ஆனால் சில கட்டளைகளை பாஸ்வேர்டே இல்லாமல் எஸ்எம்எஸ்ஸில் அனுப்ப முடிந்தது. கம்பெனி வைத்துக் கொடுத்த பாஸ்வேர்டு 123456. இரண்டு ஓட்டைகளுக்கு ஆபத்து மதிப்பெண் பத்துக்கு 9.8.

எச்சரிக்கை வெளியானபோது திருத்தம் எதுவும் வரவில்லை. அதனால் பிட்சைட் கொடுத்த ஆலோசனை நேரடியானது: சரிசெய்யும் வரை கருவியைக் கழற்றி வையுங்கள்.

புள்ளி நிற்பது முடக்கத்தின் லேசான வடிவம். ஓடும் வண்டிக்கு யாரோ டீசலை நிறுத்துவது அதன் கடுமையான வடிவம். கேஸ் டேங்கர் ஒன்று கணவாய் ஏற்றத்தில் இருக்கும்போது அப்படி நடந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

புள்ளி நின்றால் பழி யார் மேல்?

இந்த விஷயத்தில் அதிகம் பேசப்படாத பக்கம் ஒன்று உண்டு. புள்ளி நின்றால் முதலில் சந்தேகம் விழுவது டிரைவர் மேல். "தூங்கிட்டியா?", "டீசல் எடுத்தியா?", "ஒயரை நீயே புடுங்கினியா?" என்ற கேள்விகள் வரிசையாக வரும். படியில் பிடித்தம், பேட்டா குறைப்பு என்று போவதும் உண்டு. மேப்பில் இருப்பது உண்மை, டிரைவர் சொல்வது சாக்கு என்ற நினைப்பு ஆபீஸ்களில் ஊறிவிட்டது.

ஆனால் மேப் காட்டுவது வண்டி இருக்கும் இடத்தை அல்ல. டிராக்கர் கடைசியாக அனுப்பிய இடத்தை. இந்த இரண்டும் ஒன்றல்ல என்பது புரிந்தாலே பாதிச் சண்டை குறையும்.

வித்தியாசம் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. மேப்பில் புள்ளியைத் தொட்டால் கடைசியாகத் தகவல் வந்த நேரம் தெரியும். அந்த நேரம் இப்போதைய நேரத்தோடு ஒத்துப்போய், வேகம் பூஜ்யம் என்று காட்டினால், வண்டி நிஜமாகவே நிற்கிறது. நேரமே பழசாக இருந்தால் வண்டி நிற்கிறதா, தகவல் நிற்கிறதா என்று சொல்ல முடியாது. பிறகு வழித்தட வரலாற்றை எடுத்துப் பாருங்கள். நெட்வொர்க் மட்டும் போயிருந்தால், சேமித்து வைத்த இடங்கள் பிறகு வந்து அந்த இடைவெளி நிரம்பியிருக்கும். கருவியோ சாஃப்ட்வேரோ நின்றிருந்தால் இடைவெளி இடைவெளியாகவே இருக்கும். அது டிரைவரிடம் கேட்க வேண்டிய கேள்வி அல்ல. டிராக்கர் விற்ற கம்பெனியிடம் கேட்க வேண்டியது.

என்ன செய்யலாம்?

வண்டி வைத்திருப்பவர்களும், டிரான்ஸ்போர்ட் ஆபீஸில் வேலை பார்ப்பவர்களும், வீட்டு கார், பைக்கில் டிராக்கர் மாட்டியவர்களும் செய்யக்கூடியவை இவை.

- கருவியின் மாடல், சாஃப்ட்வேர் பதிப்பு எண் இரண்டையும் குறித்து வையுங்கள். ஓட்டை பற்றிய செய்தி வரும்போது உங்களுக்குப் பொருந்துமா என்று பார்க்க இந்த இரண்டும் வேண்டும்.
- கம்பெனி கொடுத்த பாஸ்வேர்டை முதல் நாளே மாற்றுங்கள். எஸ்எம்எஸ் கட்டளைக்குத் தனி பாஸ்வேர்டு இருந்தால் அதையும் மாற்றுங்கள்.
- டிராக்கரில் இருக்கும் சிம் நம்பரை வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள். எஸ்எம்எஸ்ஸில் கட்டளை வாங்கும் கருவிக்கு அந்த நம்பர்தான் வாசல்.
- விற்பனையாளரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். கடைசி பாதுகாப்பு அப்டேட் எப்போது வந்தது? எத்தனை வருடம் அப்டேட் தருவீர்கள்? சாஃப்ட்வேர் நின்றால் தானாக ரீஸ்டார்ட் ஆகுமா? பதில் சொல்லத் திணறினால் விலை குறைவு என்பதற்காக மட்டும் வாங்காதீர்கள்.
- எரிபொருளைத் துண்டிக்கும் வசதி நிஜமாகத் தேவையா என்று யோசியுங்கள். தேவையில்லை என்றால் அந்த ஒயரை இணைக்காமலே மாட்டச் சொல்லலாம்.
- எல்லா வண்டிக்கும் ஒரே ராத்திரியில் அப்டேட் போடாதீர்கள். செட்டில் நிற்கும் ஒன்றிரண்டு வண்டிகளுக்குப் போட்டு, ஒரு டிரிப் ஓட்டிப் பார்த்துவிட்டு மற்றவற்றுக்குப் போடுங்கள்.

சொந்தமாக சர்வர் வைத்து ஓப்பன் சோர்ஸ் டிராக்கிங் சாஃப்ட்வேர் ஓட்டும் இளைஞர்களும் இப்போது அதிகம். அப்படி ஓட்டினால் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் பாதுகாப்பு அப்டேட்டுகள் தானாக வரும்படி வைத்துவிடுங்கள். அதன் பிறகு அந்தச் சேவையை ரீஸ்டார்ட் செய்தீர்களா என்றும் பாருங்கள். டிஸ்க்கில் புதிய பதிப்பு வந்துவிட்டாலும், ரீஸ்டார்ட் செய்யும் வரை மெமரியில் ஓடுவது பழசுதான்.

புதிதாக ஓட்டை கண்ணில் பட்டால் அதைச் சொல்வதற்கு இந்தியாவில் செர்ட்-இன் என்ற மத்திய அரசு அமைப்பு இருக்கிறது. சைபர் தாக்குதல் நடந்தால் நிறுவனங்கள் 6 மணி நேரத்துக்குள் அதற்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரலில் அது பிறப்பித்த உத்தரவு. இணையத்தோடு இணைந்த கருவிகள் மீதான தாக்குதலும் அதில் அடக்கம்.

கோடு எழுதுகிறவர்களுக்கு

சேலம் ஜாகீர் அம்மாபாளையம் எல்காட் ஐடி பார்க்கிலோ, பெங்களூரிலோ உட்கார்ந்து கோடு எழுதும் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு சிவிஇ-2013-2038 ஒரு நல்ல பாடம். வெளியிலிருந்து வரும் தகவல் எப்போதும் முழுசாக வரும் என்று நம்பி எழுதக்கூடாது. 14 கட்டம் வர வேண்டிய இடத்தில் 3 வரலாம், 300-ம் வரலாம். சோதிக்கும்போது சரியான வரியை மட்டும் கொடுத்துப் பார்த்தால் போதாது. கிழிந்த சீட்டையும் கொடுத்துப் பார்க்க வேண்டும். வேண்டுமென்றே குப்பைத் தகவலை லட்சக்கணக்கில் கொடுத்து சாஃப்ட்வேர் நிற்கிறதா என்று பார்க்கும் 'ஃபஸ்ஸிங்' முறை இதற்காகவே இருக்கிறது. அதற்கான கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன.

நீங்கள் எழுதும் அந்த ஒரு வரிச் சரிபார்ப்பு இல்லாமல் போனால், ராத்திரி 2 மணிக்கு யாரோ ஒரு வீட்டில் போன் அடிக்கும். டிரைவரின் மனைவி தூக்கத்திலிருந்து எழுந்து, "தொப்பூர்ல வண்டி நிக்குதாம்" என்று கேட்டுப் பதறுவார். வண்டி அப்போது கிருஷ்ணகிரி பக்கம் போய்க்கொண்டிருக்கும்.

அதனால் புள்ளி நின்றால் முதலில் கடைசித் தகவல் வந்த நேரத்தைப் பாருங்கள். அடுத்து டிரைவருக்கு ஒரு போன் போடுங்கள். வண்டி பத்திரம் என்று தெரிந்த பிறகு, டிராக்கர் கம்பெனிக்குப் போன் போட்டுக் கடைசி அப்டேட் தேதியைக் கேளுங்கள்.